ஒரே ஒரு புள்ளி: பாட்டியின் ரத்தப் பரிசோதனை எதை எண்ணுகிறது?

உங்கள் வீட்டில் யாருக்காவது இனிப்புநீர் இருக்கிறதா? அப்படியென்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வரும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முடிவு கைத்தொலைபேசிக்கு வரும். "என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுய்யா" என்று பாட்டி தொலைபேசியை உங்கள் கையில் கொடுத்துவிடுவார். நீங்கள் படிப்பீர்கள்: ஹெச்பிஏ1சி, 7.2 விழுக்காடு.

நல்லதா கெட்டதா என்று பாட்டி கேட்பார். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நாம் வேறொரு கேள்வி கேட்போம். 7.2 விழுக்காடு என்றால், எதில் 7.2 விழுக்காடு?

சர்க்கரையில் இல்லை. ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில். அந்தப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட நுனியில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும் பங்கு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றின் எடை ஏறக்குறைய 64,500 டால்டன். ஒட்டும் சர்க்கரை அதில் கூட்டுவது வெறும் 162. அதாவது 400-இல் ஒரு பங்கு. ஒரு சொட்டு ரத்தத்தில் கோடிக்கணக்கான ஹீமோகுளோபின்கள் நீந்தும்போது, எதில் சர்க்கரை இருக்கிறது, எதில் இல்லை என்று ஓர் இயந்திரம் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது?

அதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் பரவலாகப் பயன்படும் ஒன்று, ஆன்டிபாடி. பள்ளியில் 'எதிர்ப்பொருள்' என்று படித்திருப்பீர்களே, அதேதான். கொவிட் காலத்தில் மூக்கைக் குடைந்து குடைந்து நாம் செய்த ஏஆர்டி பரிசோதனையிலும் (மலேசியாவில் ஆர்டிகே) அந்தச் சின்னப் பட்டையில் தடவியிருந்தது ஆன்டிபாடிதான். அங்கே அது கிருமியின் புரதத்தைப் பிடித்தது. இங்கே அதற்குக் கொடுக்கப்படும் வேலை இன்னும் நுணுக்கமானது. ஒரே புரதத்தின் இரண்டு நிலைகளை அது வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

அதைச் சரியாகச் செய்யும்போது மருத்துவத்தில் பெரிய கதவுகள் திறக்கின்றன. தவறாகச் செய்யும்போது யாருக்கும் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

'பல', 'பல்'

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 'பல' என்று எழுதுங்கள். கடைசி எழுத்தின்மேல் ஒரு புள்ளி வையுங்கள். 'பல்' ஆகிவிட்டது. எழுத்துகள் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. ஆனால் முதலாவது எண்ணிக்கையைச் சொல்கிறது, இரண்டாவது உங்கள் வாயில் இருக்கிறது.

நம் உடலின் செல்கள் புரதங்களின்மேல் இப்படித்தான் புள்ளி வைக்கின்றன. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த மாலை. செல் அந்த மாலையைக் கோத்து முடித்த பிறகும், தேவைப்படும் இடத்தில் ஒரு சிறு வேதிக்குறியை ஒட்டவைக்கும். அதிகம் பேசப்படும் குறி பாஸ்பேட். அதை ஒட்டவைக்கும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். கழற்றிப் போடும் நொதிகளுக்குப் பாஸ்படேஸ். பாஸ்பேட் ஒட்டினால் ஒரு புரதம் வேலையைத் தொடங்கலாம், நிறுத்தலாம், இடம் மாறலாம். செல் பிளவுபட வேண்டுமா, சர்க்கரையை உள்ளே இழுக்க வேண்டுமா என்பதெல்லாம் இப்படிப்பட்ட புள்ளிகளால் நடக்கிறது. இதைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

பாஸ்பேட் மட்டும்தானா? இல்லை. அசிட்டைல், மெத்தில், யுபிக்விட்டின் என்று குறிகளின் பட்டியல் நீளம். பாட்டியின் ஹீமோகுளோபினில் ஒட்டும் சர்க்கரை ஒரு விதிவிலக்கு. அதை எந்த நொதியும் திட்டமிட்டு ஒட்டவைப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் அது தானாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான். அதனால்தான் பரிசோதனைக்கு முதல்நாள் இரவு மட்டும் பாட்டி சோற்றைக் குறைத்துக்கொண்டால் அந்த எண் ஏமாறுவதில்லை. கடந்த இரண்டு, மூன்று மாதக் கணக்கு அதில் எழுதப்பட்டிருக்கிறது!

இந்தக் கணக்கு இருப்பதே தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பார் டெஹ்ரானில் வழக்கத்துக்கு மாறான ஹீமோகுளோபின் வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் ஒரு பட்டை விசித்திரமாகத் தெரிந்தது. அதை 1968-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் ஆண்டனி செராமியின் குழு 1976-இல், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இந்த எண்ணும் இறங்குகிறது என்று காட்டியது. இன்று உலகம் முழுக்க நீரிழிவு சிகிச்சை இந்த எண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது.

முயலிடம் எப்படிச் சொல்வது?

புள்ளியை மட்டும் பார்க்கும் ஆன்டிபாடியை எப்படித் தயாரிப்பார்கள்? ஆன்டிபாடியை ஆய்வகம் வடிவமைப்பதைவிட, ஒரு விலங்கின் உடலை அதைத் தயாரிக்க வைப்பதே நீண்ட கால வழக்கம். பெரும்பாலும் முயல் அல்லது எலி.

முதலில், நமக்கு வேண்டிய புரதத்திலிருந்து ஒரு சிறு துண்டை, பத்துப் பதினைந்து அமினோ அமிலம் நீளத்துக்கு, செயற்கையாகச் செய்கிறார்கள். சரியான இடத்தில் பாஸ்பேட்டையும் வைத்தே செய்கிறார்கள். துண்டு மிகச் சிறியது என்பதால் முயலின் உடல் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் அதை ஒரு பெரிய அந்நியப் புரதத்தின் முதுகில் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு வகைக் கடல் நத்தையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதம் இதற்கு ரொம்பப் பிரபலம். முயலின் உடல் "யார்ரா இது?" என்று விழித்துக்கொண்டு ஆன்டிபாடிகளை உருவாக்கத் தொடங்கும்.

சிக்கல் இங்கேதான். முயல் நாம் சொன்னதைக் கேட்காது. 'பல்' என்பதைக் காட்டினோம். சில ஆன்டிபாடிகள் 'பல்' என்பதையே பிடிக்கும். அவைதான் நமக்கு வேண்டும். சில, புள்ளியைக் கவனிக்காமல் 'பல' இருந்தாலே பிடித்துவிடும். இன்னும் சில, சொல்லைக் கவனிக்காமல் புள்ளி எங்கே இருந்தாலும் பிடிக்கும். 'கல்', 'சொல்', 'நெல்' எல்லாமே அவற்றுக்கு ஒன்றுதான்.

எனவே வடிகட்ட வேண்டும். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தை முதலில் புள்ளி இல்லாத துண்டுகள் ஒட்டிய குழாய் வழியாக ஓடவிடுகிறார்கள். புள்ளியைக் கவனிக்காதவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். மீதியைப் புள்ளியுள்ள துண்டுகள் ஒட்டிய இன்னொரு குழாயில் ஓடவிட்டு, அதில் பிடிபட்டதைக் கழுவி எடுப்பார்கள். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. அந்த இரண்டாவது குழாயிலிருந்து வருவது எவ்வளவு சுத்தம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முயல் இறந்துவிட்டால்? அதே ஆன்டிபாடி இன்னொரு முயலிடமிருந்து அப்படியே கிடைக்காது. 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் ஓயாமல் சுரக்கும் செல்களை உருவாக்கினார்கள். 1984-இல் நோபெல் பரிசு. இப்போது அதையும் தாண்டி, ஆன்டிபாடியின் மரபணு வரிசையையே படித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் அச்சு மாறாமல் தயாரிக்கிறார்கள்.

பழைய திரவம் செய்த உதவி

புள்ளிகளைத் தேடும் இந்த வேலைக்கு ஒரு நல்ல கதை உண்டு. சொல்லாமல் விட மனமில்லை.

1979. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் டோனி ஹண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், புற்றுநோயை உண்டாக்கும் கிருமி ஒன்றின் புரதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்பேட், செரின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில்தான் ஒட்டும் என்று அப்போது எல்லாரும் நினைத்தார்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்க, அமிலத்தன்மை 1.9 இருக்கும் திரவத்தில் மின்சாரம் பாய்ச்சுவது வழக்கம். அன்று ஹண்டர் புதிதாகத் திரவம் கலக்கவில்லை. பலமுறை பயன்படுத்திய பழையதையே எடுத்தார். அது 1.7-க்கு இறங்கியிருந்தது. அந்தச் சிறிய வித்தியாசத்தால், வழக்கமாகத் திரியோனின் புள்ளியோடு ஒளிந்துகொள்ளும் மூன்றாவது புள்ளி ஒன்று தனியே பிரிந்து தெரிந்தது. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலும் பாஸ்பேட் ஒட்டுகிறது என்று தெரியவந்தது இப்படித்தான்.

சாதாரண செல்லில் இந்தக் குறி மிக அபூர்வம். ஆனால் பல புற்றுநோய்களில் இதை ஒட்டவைக்கும் கைனேஸ்கள் கட்டுப்பாடு இழந்து ஓடுகின்றன. அபூர்வமானதைத் தேடிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும், இல்லையா? 1981-இல் அலோன்சோ ராஸ், டேவிட் பால்டிமோர், ஹெர்மன் ஐசன் மூவரும், பாஸ்பேட் ஒட்டிய டைரோசினைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு செயற்கைப் பொருளைக் காட்டி, அந்தக் குறியைப் பிடிக்கும் ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு, எந்தப் புரதத்தின் எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்லும் ஆன்டிபாடிகள் வந்தன.

2001 மே மாதம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இமாட்டினிப் மாத்திரை, ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் கட்டுமீறிய டைரோசின் கைனேஸை அடக்குகிறது. ஒரு காலத்தில் சில ஆண்டுகளே தாங்கிய அந்த நோயாளிகளில் பலர் இன்று நீண்ட நாள் வாழ்கிறார்கள். அந்த வகையில் இன்று ஏராளமான மருந்துகள் உள்ளன. ஒரு புதிய மருந்து செல்லுக்குள் போய் வேலை செய்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது எப்படி? மருந்து கொடுத்த பிறகு புள்ளி மறைகிறதா என்று ஆன்டிபாடியை வைத்துப் பார்ப்பார்கள். அதாவது, ஒரு மருந்தை மேலே கொண்டுபோகலாமா, கைவிடலாமா என்ற முடிவில் இந்த ஆன்டிபாடியின் சொல்லுக்கு எடை உண்டு.

பொய் சொல்லும் ஆன்டிபாடி

ஆய்வகத்தில் இந்தச் சோதனை முடிந்ததும் கிடைப்பது ஒரு வெள்ளைத் தாள் போன்ற படலத்தில் ஒரு கறுப்புக் கோடு. கோடு அழுத்தமாக இருந்தால் புள்ளி அதிகம். மங்கலாக இருந்தால் குறைவு. பார்க்க ரொம்பத் தெளிவாக இருக்கும். செய்தி அறையில் எங்களுக்குத் தெளிவான படத்தைக் கண்டால்தான் சந்தேகம் வரும். இதுவும் அப்படிப்பட்ட படம்தான். தவறான புரதத்தைப் பிடித்த ஆன்டிபாடியும் அதே மாதிரி அழகான கறுப்புக் கோட்டைத்தான் தரும்.

நம் சமையலறையிலிருந்தே ஓர் உதாரணம். அந்தப் படலத்தில் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, காலி இடங்களை முதலில் ஏதாவது மலிவான புரதத்தால் மூடுவார்கள். பல ஆய்வகங்களில் அதற்குப் பயன்படுவது கடையில் கிடைக்கும் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். உண்மையாகவே! ஆனால் பாலில் உள்ள முக்கியப் புரதமான கேசீனில் ஏற்கனவே நிறைய பாஸ்பேட் ஒட்டியிருக்கிறது. புள்ளியைத் தேடும் ஆன்டிபாடியைப் பாலில் முக்கினால் என்ன ஆகும்? சில ஆன்டிபாடிகள் படலத்தை விட்டுவிட்டுப் பாலையே பிடிக்கப் போய்விடும். படலம் முழுக்கக் கறை. அதனால் பாஸ்பேட் வேட்டையில் பாலைத் தவிர்த்து, பசுவின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமினைப் பயன்படுத்தச் சொல்வது வழக்கம். முதன்முதலாக ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர்கள் பலர் ஒரு வாரத்தை இழந்து கற்றுக்கொள்ளும் பாடம் இது.

நேரமும் ஒரு எதிரி. திசுவை எடுத்த அடுத்த நிமிடமே, உள்ளே இருக்கும் பாஸ்படேஸ் நொதிகள் புள்ளிகளைக் கழற்றத் தொடங்கிவிடும். ஐஸில் வைக்க வேண்டும், நொதிகளை முடக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும். தாமதித்தால் ஆன்டிபாடி நல்லதாகவே இருந்தாலும், "புள்ளி இல்லை" என்ற பதில்தான் வரும். உயிரோடு இருந்த திசுவில் அது இருந்திருக்கும்.

அப்போ எதை நம்புவது? இங்கேதான் ஏஆர்டி பட்டை மறுபடி உதவுகிறது. அதில் இரண்டு எழுத்துகள் ஞாபகமிருக்கிறதா? 'டி' கோடு கிருமிக்கு. 'சி' கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு. 'சி' வரவில்லையென்றால் 'டி' என்ன சொன்னாலும் குப்பைத்தொட்டி. ஆய்வகத்திலும் அப்படி ஒரு 'சி' வேண்டும், அதைவிடக் கடுமையானதாக. எடுத்துக்காட்டாக, அதே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பாஸ்படேஸை ஊற்றி எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிடுவார்கள். இப்போதும் கறுப்புக் கோடு வந்தால், ஆன்டிபாடி புள்ளியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு வழி, அந்தப் புரதத்தையே தயாரிக்க முடியாதபடி மரபணு திருத்திய செல்லில் சோதிப்பது. இல்லாத புரதத்துக்கும் கோடு வந்தால், ஆன்டிபாடி வேறு யாரையோ பிடிக்கிறது.

இப்படிச் சோதித்தபோது என்ன தெரிந்தது? நம் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் குறிகளைக் கண்டறிய விற்கப்பட்ட 200-க்கும் அதிகமான ஆன்டிபாடிகளை ஒரு குழு பரிசோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. நான்கில் ஒன்றுக்கும் மேல் தேறவில்லை. அவற்றில் நான்கு மிகத் துல்லியமானவை. ஆனால் பெட்டியில் எழுதியிருந்த குறியை விட்டுவிட்டு வேறொரு குறியைத் துல்லியமாகப் பிடித்தன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நான்கை வைத்து முனைவர் பட்டம் எழுதிக்கொண்டிருந்தவர்களை நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

2015-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஆண்ட்ரூ பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் புளூக்துன் இருவரும் நூற்றுக்கும் அதிகமான ஆய்வாளர்களின் ஆதரவோடு ஒரு கோரிக்கை வைத்தார்கள். இத்தகைய பொருள்களுக்கு உலகம் ஆண்டுதோறும் செலவிடும் 1.6 பில்லியன் அமெரிக்க டாலரில் பாதி, மோசமான ஆன்டிபாடிகளில் வீணாகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. 2023-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகள் சோதிக்கப்பட்டன. அது புள்ளிகளைப் பற்றியது அல்ல, புரதத்தையே சரியாகப் பிடிக்கிறதா என்ற அடிப்படைக் கேள்வி. அதிலும் பல தோற்றன; தோற்றவற்றைப் பயன்படுத்திய ஆய்வுக்கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் ஏற்கனவே வெளிவந்திருந்தன. ஆறுதலான ஒன்று: முடிவுகளைப் பார்த்த விற்பனை நிறுவனங்கள் சிலவற்றை விற்பனையிலிருந்தே எடுத்தன, வேறு சிலவற்றின் பரிந்துரைகளை மாற்றி எழுதின.

217-ஆம் இடம்

ஆய்வக விவகாரம் ஆய்வகத்தோடு இருக்கட்டும், நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? இந்தப் புள்ளிகளில் ஒன்று இப்போது மருந்தகத்துக்குள் வந்துவிட்டது.

அல்ஸைமர் மறதிநோயில் மூளைக்குள் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்ட் படிவுகள். உள்ளே டாவ் என்ற புரதத்தின் சிக்கல் முடிச்சுகள். டாவ் சாதாரணமாக நரம்பணுவின் உள்கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் நல்ல புரதம்தான். நோயில் அதன்மேல் பாஸ்பேட் புள்ளிகள் அளவுக்கு மீறி ஏறுகின்றன. அவற்றில் 217-ஆம் இடத்தில், திரியோனின்மேல் விழும் புள்ளி, மூளையில் அமிலாய்ட் சேர்ந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் நல்ல அடையாளமாக உருவெடுத்தது. அது சிறிதளவு ரத்தத்திலும் கசிகிறது.

சிறிதளவு என்றால்? ஒரு மில்லிலிட்டரில் ஒரு பிக்கோகிராம் அளவில், பலரிடம் அதற்கும் குறைவு. ஒரு கிராமை ஒரு டிரில்லியன் பங்காகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் பிக்கோகிராம். அதைப் பிடிக்க இரண்டு ஆன்டிபாடிகள் வேண்டும்: ஒன்று 217-இல் உள்ள புள்ளியைப் பிடிக்கும், இன்னொன்று டாவின் வேறொரு பகுதியைப் பிடித்து ஒளி கொடுக்கும். டாவின் 441 அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஒட்டக்கூடிய இடங்கள் டசன் கணக்கில் உள்ளன. பக்கத்து வீட்டுப் புள்ளியைப் பிடித்துவிடாத ஆன்டிபாடி வேண்டும்.

2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இப்படிப்பட்ட ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. ஜப்பானின் ஃபூஜிரெபியோ நிறுவனத்துடையது. 217 புள்ளியுள்ள டாவையும் அமிலாய்டின் ஒரு வகையையும் அளந்து, இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறது. 499 பேரின் ரத்தத்தில் சோதித்தபோது, 'இருக்கிறது' என்று வந்தவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு மூளை ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ அமிலாய்ட் உறுதியானது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கு அங்கேயும் இல்லை. இருபது விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கு இரண்டுமற்ற நடுவாந்தர முடிவு வந்தது.

முதுகில் ஊசி குத்தாமல், விலையுயர்ந்த ஸ்கேன் இல்லாமல் இவ்வளவு தெரிவது பெரிய விஷயம். ஆனால் அந்த எண்களை ஒருமுறை திருப்பிப் படியுங்கள். 'இருக்கிறது' என்று சொல்லப்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இல்லை. அதுவும் நினைவாற்றல் பிரச்சினையோடு மருத்துவரிடம் போனவர்களிடையே. அனுமதியும் அவர்களுக்குத்தான்: 55 வயதுக்கு மேற்பட்டு, அறிகுறி உள்ளவர்கள், மற்ற பரிசோதனைகளோடு சேர்த்து.

"எனக்கு 35 வயசு, சாவியை மறந்துட்டேன், எடுத்துப் பார்த்துடலாமா?" என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான ஆயிரம் இளையரில் இரண்டு பேருக்குத்தான் உண்மையில் அமிலாய்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை நூறு பேரில் ஐந்து பேரிடம் மட்டுமே தவறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு பேரையும் அது பிடித்துவிடும் என்றாலும், கூடவே ஏறக்குறைய ஐம்பது பேரிடம் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லும். ஆன்டிபாடி மாறவில்லை, அதன் முன்னால் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், நம் வட்டாரத்துக்கு முக்கியமானது. சிறுநீரகம் சரியாக இயங்காதவர்களின் ரத்தத்தில் இந்த டாவ் அளவு மறதிநோய் இல்லாமலேயே ஏறியிருக்கலாம். நீண்டகால நீரிழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே தாத்தாவின் மறதிக்காக இந்தப் பரிசோதனை பேசப்பட்டால், அவருடைய சிறுநீரக முடிவுகளையும் மருத்துவர் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபடி 7.2-க்கு

பாட்டி இன்னும் காத்திருக்கிறார். அந்த 7.2-ஐ நம்பலாமா?

பெரும்பாலும், தாராளமாக. ஹெச்பிஏ1சி பரிசோதனை பல ஆண்டுகளாக உலக அளவில் தரப்படுத்தப்பட்டது. ஆய்வகக் கறுப்புக் கோட்டோடு அதை ஒப்பிடவே கூடாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அது பொருந்தாது, காரணம் ஹீமோகுளோபினே எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

ஆன்டிபாடியைப் பயன்படுத்தும் முறை, ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் முதல் சில அமினோ அமிலங்களையும் அங்கே ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கிறது. தென்கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் ஹீமோகுளோபின் 'ஈ' என்ற வகையில் மாற்றம் 26-ஆம் இடத்தில். ஆன்டிபாடி பார்க்கும் நுனியிலிருந்து அது தூரம் என்பதால் பொதுவாக அது குழம்பாது. மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் சில இயந்திரங்கள்தான் குழம்பலாம். ஹீமோகுளோபின் 'எஸ்' வகையில் மாற்றம் 6-ஆம் இடத்தில், நுனிக்குப் பக்கத்தில். அங்கே நிலைமை தலைகீழ். சில ஆன்டிபாடிகள் தடுமாறியிருக்கின்றன. குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் பெரியவர்களிடம் அதிக அளவில் தங்கிவிட்டால், அதன் நுனியே வேறு என்பதால் ஆன்டிபாடி அதில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்காது. எண் குறைவாக வரும்.

இயந்திரம் எதுவானாலும் தப்ப முடியாத ஒன்றும் உண்டு. சிவப்பணு 120 நாள் வாழாமல் சீக்கிரமே அழிந்துவிட்டால், சர்க்கரை ஒட்ட நேரமே இருக்காது. தலசீமியாவின் சில வகைகளிலும், சமீபத்தில் ரத்தம் இழந்தவர்களிடமும், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் இப்படி நடக்கலாம். சர்க்கரை உண்மையில் அதிகமாக இருக்கும், எண் நல்லபிள்ளையாகத் தெரியும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எண் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம்.

வீட்டில் தினமும் விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளும் ஹெச்பிஏ1சி எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லையென்றால், பாட்டி ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூடப் போங்கள். வீட்டு அளவுகள் எழுதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது தலசீமியாவோ ரத்தசோகையோ இருந்தால் அதைச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "டாக்டர், இவங்க ரத்த வகைக்கு இந்த டெஸ்ட் சரியா வருமா, இல்ல வேற முறையில ஒருதடவை பார்க்கலாமா?" சர்க்கரையின் சராசரியைச் சிவப்பணுவின் ஆயுளைச் சாராமல் சொல்லும் ஃப்ரக்டோசமைன் போன்ற பரிசோதனைகள் உண்டு. கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரைக் கருவியும் இருக்கிறது. எது பாட்டிக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார்.